தினம் நாலு வரி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். நடுவில் தடுமாறினால் சிரிக்காதீங்க. போன மாதக் கூட்டத்தில் தலைவி அக்கா என் பையைப் பார்த்துட்டு, "அதென்ன எப்பப் பார்த்தாலும் ஒரு நோட்டைத் தூக்கிக்கிட்டே திரியுறே? விழாவுல வந்து அதைப் பத்திச் சொல்லு"ன்னாங்க. கறவை மாடு, காளான், மசாலாப் பொடின்னு பேச எத்தனையோ பேர் இருக்கும்போது ஒரு நோட்டைப் பற்றி என்ன பேசுறதுன்னு இருந்தது. மாடு வாங்கின கதை மாதிரி இதில் லாபக் கணக்கு எல்லாம் கிடையாது. ஆனாலும் சொல்றேன்.

நான் பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது வரைக்கும் படிச்சேன். கல்யாணம் ஆகி பதினேழு வருஷம் ஆச்சு. ஒரு பொண்ணு, ஒரு பையன். வீட்டுக்காரருக்கு ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு. "தோப்பு இருந்தது"ன்னு சொல்லணும். 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா வந்தது உங்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. இங்கே இருக்கிறவங்களில் பாதிப் பேர் அன்னிக்கு ராத்திரி கட்டிலுக்கு அடியிலேயும் பள்ளிக்கூடத்திலேயும் இருந்தவங்கதான்.

புயல் போய் கொஞ்ச நாள் கழிச்சு சேதக் கணக்கெடுக்க வந்தாங்க. "மொத்தம் எத்தனை மரம்? என்ன வயசு?"ன்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் அறுபத்திரண்டுன்னார். நான் அறுபத்து நாலுன்னேன். ரெண்டு பேரும் அவங்க முன்னாடியே சண்டை போட்டோம். பத்து வருஷமா தினமும் பார்த்த மரம், தினமும் மட்டை பொறுக்கின தோப்பு! கடைசியில் விழுந்து கிடந்ததை எண்ணிப் பார்த்தோம். ஒன்றின் மேல் ஒன்று கிடந்ததால் ரெண்டு தடவை எண்ணினோம். நிற்கிறது ஒன்பது, விழுந்தது ஐம்பத்தைந்து. நான் சொன்னதுதான் சரி. ஆனால் சந்தோஷமா இல்லை. நின்னப்ப ஒரு நாள்கூட எண்ணவில்லையேன்னு இருந்தது.

அன்னைக்கு ராத்திரி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்த எண்ணிக்கையை எழுதி வைத்தேன். நிவாரணமா வந்த சாமான்களில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் வந்திருந்தது, ஞாபகம் இருக்கா? அதில் ஒன்று மிச்சம் கிடந்தது. 192 பக்கம், கோடு போட்டது. மரக் கணக்கை எழுதின பிறகு பக்கத்தில் இடம் இருந்தது. "இன்னைக்குப் பழைய சோறு. தண்ணி லாரி வரலை. பையன் இருமுறான்"னு எழுதினேன். ஏன் எழுதினேன்னு கேட்டால் எனக்கே தெரியாது.

எழுதுறது எனக்குப் புதுசு இல்லை. 2012ல் குழுவில் சேர்ந்தப்பவே, பத்தாவது படிச்ச பொண்ணுன்னு சொல்லித் தீர்மான நோட்டை என் கையில் கொடுத்துட்டாங்க. அதில் எப்படி எழுதணும்னு உங்களுக்குத் தெரியும். "உறுப்பினர்கள் அனைவரும் கலந்துகொண்டனர். கடன் வழங்குவது குறித்து விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஒரு கூட்டத்தில் கடன் யாருக்கு முதலில்ங்கிறதுக்கு ரெண்டு அக்காமார் தலைமுடியைப் பிடிக்காத குறை. ஒருத்தவங்க செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து போனாங்க. அதுக்கும் நான் "ஒருமனதாக"ன்னுதான் எழுதினேன். தணிக்கைக்கு அப்படித்தான் இருக்கணும். தப்பில்லை. ஆனால் அன்னைக்கு வீட்டுக்கு வந்து என் நோட்டில், "ஒருமனதாகன்னு எழுதினேன். ஒரு மனசும் இல்லை. செருப்பு இன்னும் அங்கேயே கிடக்கு"ன்னு எழுதினப்ப எனக்கே சிரிப்பு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் தீர்மான நோட்டு எழுதியிருக்கேன். அதில் என் கையெழுத்து இருக்கு, நான் இல்லை. வித்தியாசம் அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

ஆரம்பத்தில் ராத்திரி பாத்திரம் கழுவிட்டு எழுதுவேன். எழுதும்போதே தூங்கிடுவேன். பக்கத்தில் பேனா கோடு கோடா இழுத்திருக்கும். முதல் வருஷ நோட்டில் அந்த மாதிரி நிறைய இருக்கு. அப்புறம் காலையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணி வருகிற நேரத்துக்கு மாற்றினேன். டிரம் நிறைய இருபது நிமிஷம் ஆகும். அந்த இருபது நிமிஷம் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. தண்ணி பிடிக்கிறவளைக் கூப்பிட்டால் டிரம் வழியும்னு எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் நடந்ததை மறுநாள் காலையில் எழுதுவேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான். வேலை அதிகம்னா நாலு வரி. ஒன்றுமே இல்லைன்னா, "ஒன்றும் இல்லை. வெயில்"ன்னு எழுதுவேன். வருஷத்துக்கு ஒரு நோட்டு ஆகுது. இப்ப ஏழாவது நோட்டு ஓடுது.

விடாமல் எழுதினேன்னு பொய் சொல்ல மாட்டேன். 2022ல் எங்கப்பா இறந்தப்ப நாற்பது நாளைக்கு மேல் தொடவில்லை. அந்தப் பக்கங்களை அப்படியே வெறுமையா விட்டுட்டுத்தான் திரும்பத் தொடங்கினேன். அதைப் பிறகு நிரப்பலாம்னு உட்கார்ந்தேன், வரவில்லை. இப்ப அந்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டினாலும் எனக்கு அந்த நாள்தான் தெரியுது.

நம்ம கூட்டங்களில் வரவு செலவு எழுதுங்கன்னு எப்பவும் சொல்வாங்க. நானும் எழுதுறேன். அதனால் பெரிசா மிச்சம் பிடிச்சுட்டேன்னு சொல்ல முடியாது. இருந்தால்தானே மிச்சம் பிடிக்க. ஆனால் ஒரு தடவை காப்பாற்றியது. எங்க தெருவில் சில பேர் ஒரு தனியார் கம்பெனியில் வாரக் கடன் வாங்கியிருந்தோம். பேரு வேண்டாம். வசூலுக்கு வருகிற தம்பி ரெண்டு வாரம் பணம் கட்டவில்லைன்னு நின்னான். அட்டையில் ரெண்டு கட்டம் காலியாத்தான் இருந்தது. நான் நோட்டை எடுத்துட்டு வந்து படிச்சேன். "செவ்வாய். வசூல் 640 கட்டினேன். பேனா எழுதலைன்னு அட்டையில் போடாமல் போனான். அடுத்த வாரம் சேர்த்துப் போடுறேன்னான். லேசாத் தூறல்." மறு வாரத்துக்கும் அதே மாதிரி ஒரு வரி இருந்தது, அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டை நிறத்தோடு. அந்தச் சட்டை நிறத்தைக் கேட்டதும் அவனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆபீசில் பார்த்துட்டுச் சரி செய்து கொடுத்தாங்க. தெருவில் இன்னும் ரெண்டு பேருக்கும் அதே மாதிரி விட்டுப் போயிருந்தது. அவங்ககிட்ட நோட்டு இல்லை. ஒருத்தங்க திரும்பக் கட்டினாங்க.

இதைக் கேட்டுட்டு, பணத்துக்காகத்தான் எழுதச் சொல்றேன்னு நினைச்சுடாதீங்க. எனக்கு நடந்த பெரிய விஷயம் வேற.

2021 ஐப்பசியில் அடைமழை. வெளியில் ஒரு வேலையும் ஓடவில்லை. சும்மா உட்கார்ந்து அந்த வருஷ நோட்டைப் புரட்டிப் படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. "இன்னைக்குச் சோம்பேறித்தனம். துணி துவைக்கலை." "மத்தியானம் படுத்துட்டேன், அத்தை திட்டினாங்க, திட்டினது சரிதான்." "தலை சுத்துச்சு. காப்பி குடிச்சேன்." "சோம்பேறி ஆயிட்டேன்." பக்கத்துக்குப் பக்கம் இதே. ரெண்டு மாதத்தில் "தலை சுத்துச்சு"ன்னு மட்டும் பதினேழு தடவை எழுதியிருக்கேன். எழுதும்போது ஒவ்வொன்றும் தனித்தனி நாள். சேர்த்துப் படிக்கும்போதுதான் பதினேழுன்னு தெரியுது. வேற ஒரு பொம்பளை இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "ஏன்டி, ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டியா"ன்னு சொல்லியிருப்பேன். என்னை நானே சோம்பேறின்னு எழுதி வச்சிருக்கேன்.

மழை விட்டதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. பன்னிரண்டு இருக்க வேண்டியது எனக்கு ஏழரைதான் இருந்தது. அங்கே இருந்த நர்ஸ் அக்கா சொன்னாங்க: நம்ம தமிழ்நாட்டில் 15 வயசிலிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்காம். "எல்லாரும் அசதி அசதின்னுதான் சொல்றாங்க, எத்தனை நாளான்னு கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியலை"ன்னாங்க. டாக்டரம்மா என்கிட்டேயும் அதைத்தான் கேட்டாங்க. மாசாமாசம் தீட்டு எப்படிப் போகுது, எத்தனை நாள், எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு. நாம பொதுவா என்ன சொல்வோம்? "அது வழக்கம்போலத்தான் டாக்டர்"னு சொல்வோம். நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். அந்த நாள் வந்தால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போடுறது என் வழக்கம். டாக்டரம்மா பக்கம் பக்கமாப் புரட்டி வட்டத்தை எண்ணினாங்க. இருபத்தொரு நாள், இருபத்திரண்டு நாளைக்கு ஒரு தடவை வருது, ஒன்பது நாள் நிற்காமல் போகுது. "இதை யார் எழுதச் சொன்னது?"ன்னு கேட்டாங்க. யாரும் சொல்லலைன்னேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து ஸ்கேன் எடுத்தப்ப கர்ப்பப்பையில் ஒரு சின்னக் கட்டி. பயப்படுற மாதிரி இல்லை, மாத்திரையிலேயே பார்ப்போம்னாங்க. இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாங்க. வயிறு புரட்டும், மலம் கறுப்பாப் போகும், பாதிப் பேர் அதுக்குப் பயந்தே நிறுத்திடுவாங்க. நிறுத்தாதீங்க. நான் அதையும் எழுதி எழுதித்தான் முழுங்கினேன். நாலு மாதம் கழிச்சுப் பதினொன்றுக்கு ஏறியது. அதுக்கப்புறம் என் நோட்டில் சோம்பேறிங்கிற வார்த்தையை நான் எழுதவில்லை.

பயிற்சிக்கு வந்த ஒரு மேடம் சொன்ன கணக்கு இங்கே ஞாபகம் வருது. 2019ல் மத்திய அரசு நாடு முழுக்க, யார் எதில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறாங்கன்னு கணக்கெடுத்ததாம். சம்பளம் இல்லாத வீட்டு வேலை பார்க்கிறவங்களில், பெண்கள் சராசரியா ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். நானும் ஒரு நாள் மணி பார்த்துப் பார்த்து என் வேலையை எழுதினேன். எனக்கு ஏழு மணி நேரம் தாண்டியது. சாணி அள்ளுறது வீட்டு வேலையில் சேருமா, மாட்டு வேலையில் சேருமான்னு மேடம்கிட்ட கேட்கணும்னு நினைச்சு மறந்துட்டேன். அதுக்கு முன்னாடி யாராவது "என்னம்மா வேலை பார்க்கிறே?"ன்னு கேட்டால், "சும்மா வீட்டுலதான் இருக்கேன்"னு வாயில் வரும். இப்ப அந்தச் "சும்மா" வாயில் வரமாட்டேங்குது.

வீட்டில் என்ன சொன்னாங்கன்னு கேட்பீங்க. வீட்டுக்காரர் முதலில் கேலிதான். "என்ன, ஜமீன் கணக்குப்பிள்ளையா?"ன்னார். தோப்பு போன பிறகு அவர் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனார். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும் அங்கேயே மாட்டிக்கிட்டு மே மாதம்தான் பாஸ் கிடைச்சு வந்தார். வந்து வீட்டில் சும்மா இருந்த நாளில் என் நோட்டை எடுத்துப் படிச்சிருக்கார். நான் தண்ணி எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் திண்ணையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கார். எனக்குப் பகீர்னுச்சு. அவரைப் பற்றியும் எழுதியிருந்தேனே. குடிச்சுட்டு போன் பண்ணினது, நான் போனை வச்சது, அவர் அனுப்பாத மாதத்தில் என் தோட்டை அடகு வச்சது எல்லாம் இருந்தது. ரெண்டு நாள் என்கூடப் பேசவில்லை. மூணாம் நாள், "தோடு எந்தக் கடையில இருக்கு?"ன்னு மட்டும் கேட்டார். திருப்பித்தர ஒன்றரை வருஷம் ஆச்சு. ஆனால் திருப்பித் தந்தார். அந்த நாளையும் எழுதியிருக்கேன்.

ஒளிச்சு வைக்கணுமா வேண்டாமான்னு என்கிட்டச் சில பேர் கேட்டிருக்காங்க. அது அவரவர் வீட்டைப் பொறுத்தது. எழுதினதைப் படிச்சுட்டுக் கை நீட்டுற வீடா இருந்தால் அரிசிப் பானைக்குள் வைங்க, இல்லை தங்கச்சி வீட்டில் வைங்க. எழுதுறதுக்காக அடி வாங்க வேண்டியதில்லை. என் வீட்டில் இப்ப அந்தப் பயம் இல்லை. இப்ப அவரே, "கன்னுக்குக் கடைசியா எப்ப உரம் வச்சோம்? நோட்டைப் பாரு"ங்கிறார். 2019 ஆடியில் வச்ச நெட்டைக் கன்று எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. விழுந்த மரத்தை எல்லாம் அப்புறப்படுத்த முடியாமல் மக்க விட்டோம் இல்லையா, அதில் காண்டாமிருக வண்டு பெருகி இளங்கன்றைக் குடைஞ்சது. குருத்தில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வச்சோம். எந்த மரத்தில் எத்தனை வண்டு எடுத்தோம்னுகூட எழுதியிருக்கேன். போன வருஷம் தைப்பொங்கலுக்கு மறுநாள், வாய்க்கால் ஓரத்து மூணாவது மரத்தில் முதல் பாளை வந்தது. "பாளை"ன்னு ஒரே வார்த்தைதான் எழுதியிருக்கேன், பக்கம் முழுக்கப் பெரிய எழுத்தில்.

எங்க அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அவங்க இங்கேதான், ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அறிவொளி வந்தப்ப கையெழுத்துப் போட மட்டும் பழகிக்கிட்டாங்க. நான் எழுத உட்கார்ந்தாலே முதலில் எல்லாம் முகம் சுண்டிப் போகும். என்னமோ அவங்க மேல் புகார் எழுதுறேன்னு நினைப்பு. பாதி உண்மையும்கூட. (இதைப் படிக்கலாமான்னு அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன்.) ஒரு நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "ஏ புள்ள, நேத்து என்னைப் பத்தி என்ன எழுதினே? படி"ன்னாங்க. அன்னைக்கு நல்ல வேளையா, "அத்தை அயிரை மீன் குழம்பு வச்சாங்க, ரெண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்"னு இருந்தது. படிச்சேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதிலிருந்து தினமும் வர ஆரம்பிச்சாங்க. "இதை எழுது, அதை எழுது"ன்னு சொல்வாங்க. அவங்க சின்ன வயசில் நட்ட நெல்லு பேரெல்லாம் சொல்வாங்க. நாற்றங்காலில் பாடுற பாட்டு, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோவிச்சுக்கிட்டுப் போனது, பிரசவத்துக்கு மருத்துவச்சி என்ன கஷாயம் கொடுத்தாங்கங்கிறது எல்லாம் வரும். எனக்குச் சில நாள் எரிச்சலாக்கூட இருக்கும். டிரம் வழிஞ்சிருக்கு.

2023 ஐப்பசி கடைசியில் ஒரு நாள். காற்று கொஞ்சம் பலமா அடிச்சது. கஜாவுக்கு அப்புறம் எங்க வீட்டில் காற்று அடிச்சால் யாருக்கும் தூக்கம் வராது. அத்தை கஜாவைப் பற்றிப் பேசலை, அதுக்கு முந்தின புயலைப் பற்றிப் பேசினாங்க. 1977ல் நாகப்பட்டினத்தில் அடிச்ச புயல். நம்ம வீட்டுப் பெரியவங்க எல்லாம் எழுபத்தேழு புயல்னு சொல்வாங்களே, அதுதான். அப்ப அத்தைக்குக் கல்யாணம் ஆன புதுசு. பேசிக்கிட்டே இருந்தவங்க திடீர்னு, "அப்ப எனக்கு ஒரு பொட்டப் புள்ள இருந்துச்சு"ன்னாங்க.

எனக்குக் கை நின்னு போச்சு. பதினைந்து வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கேன், கேள்விப்பட்டதே இல்லை. எட்டு மாதக் குழந்தையாம். புயலுக்குப் பிறகு கிணறெல்லாம் வெள்ளத் தண்ணி கலந்து கெட்டுப் போச்சு. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ரோட்டில் மரம் கிடந்ததால் வண்டி போகவில்லை. மாமா தோளில் துணியைக் கட்டித் தூக்கிக்கிட்டு நடந்தாராம். போய்ச் சேரலை. பாதி வழியிலேயே திரும்பிட்டாராம். பல் முளைச்சிருந்ததாம், கீழே ரெண்டு. அத்தை விரலைக் காட்டி, "இந்த விரலைக் கடிக்கும்"னாங்க. அப்புறம், "எழுதிக்கோ"ன்னாங்க.

அந்தக் குழந்தைக்குப் போட்டோ கிடையாது. பிறப்புச் சான்று கிடையாது. ரேஷன் கார்டில் ஏறினதும் இல்லை. மாமாவும் போய்ச் சேர்ந்துட்டார். என் வீட்டுக்காரருக்குத் தனக்கு ஒரு அக்கா இருந்ததே தெரியாது. அன்னைக்குச் சாயங்காலம் அவருக்குப் படிச்சுக் காட்டினப்ப எழுந்து தோப்புக்குப் போயிட்டார். அத்தை அந்தக் குழந்தை பேரைச் சொன்னாங்க. அந்தப் பேரை ஒரு தடவை எழுதச் சொல்லிட்டு, நோட்டை வாங்கி, எந்த இடத்தில் இருக்குன்னு கேட்டு, அந்த எழுத்து மேல் விரலை வச்சுப் பார்த்தாங்க. பேரை மேடையில் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. அதனால் சொல்லவில்லை. நோட்டில் இருக்கு.

பொண்ணு இப்ப பதினொன்றாவது படிக்கிறாள். அவள் தமிழ்ப் பாடத்தில் பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றி வருது. பிரெஞ்சுக்காரங்க கவர்னர் துய்ப்ளேகிட்ட துபாஷியா இருந்தவர். 1736லிருந்து 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதியிருக்கார், தமிழில். எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தாங்கன்னு எல்லாம் எழுதியிருக்காராம். "அம்மா, நீயும் அவரும் ஒண்ணு"ன்னு பொண்ணு கிண்டல் பண்ணினாள். அவர் பெரிய மனுஷன். அவர் நோட்டில் கப்பல், என் நோட்டில் மாவு மில்லு ரிப்பேர். ஆனால் எனக்கு ஒன்று தோணுச்சு. அவர் எழுதிட்டு இருந்த அதே வீட்டில் அடுப்படியில் ஒரு அம்மா இருந்திருப்பாங்க இல்லையா? அவங்களுக்கும் அந்த இருபத்தைந்து வருஷம் நடந்திருக்குமே. பிள்ளை பெத்திருப்பாங்க, பறி கொடுத்திருப்பாங்க, அம்மியில் அரைச்சிருப்பாங்க. அவங்களும் தினம் நாலு வரி எழுதியிருந்தால் நான் முதலில் அதைத்தான் வாங்கிப் படிச்சிருப்பேன்.

நேரம் ஆச்சுன்னு செயலாளர் அக்கா கை காட்டுறாங்க. ஒரு விஷயம் மட்டும். நான் பேசப் போறேன்னு தெரிஞ்சதும் எங்க குழுவில் ஒரு அக்கா கேட்டாங்க, "எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், நான் எப்படி எழுதுறது?"ன்னு. அக்கா, தப்புத் தப்பாத்தான் எழுதுங்க. என் நோட்டில் ர, ற எல்லாம் மாறி மாறித்தான் இருக்கும். அதுக்கு மார்க் போட யாரும் வரப் போறது இல்லை. சுத்தமா எழுத்தே தெரியாதவங்க எங்க அத்தை மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்க. வீட்டில் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளை இருந்தால் எழுதிக் கொடுக்கும். பிள்ளைகிட்டச் சொல்ல முடியாததை என்ன பண்றதுன்னு அந்த அக்கா அடுத்துக் கேட்டாங்க. அதுக்கு எனக்கு இன்னும் பதில் தெரியலை. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் அவங்க எங்க வீட்டுக்கு வர்றாங்க. நான் "அ"விலிருந்து ஆரம்பிக்கிறதா இருக்கேன். வேற யாருக்காவது வரணும்னா வாங்க, நோட்டு மட்டும் கொண்டு வாங்க. பேனா என்கிட்ட இருக்கு.